வெள்ளாறு கடலில் சேரும் ஊரிலிருந்து ஒரு சபுராளி: பினாங்கு கப்பித்தான் காதிர் முஹ்யித்தீன் மரைக்காயர்

பெரம்பலூர் மாவட்டத்தின் வடக்கு எல்லையில் ஓடும் வெள்ளாற்றை நம் பகுதி மக்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சேலம் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகி, லப்பைக்குடிக்காட்டுக்கும் எதிர்க்கரை திட்டக்குடிக்கும் நடுவே ஓடி, பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு வழியாகக் கிழக்கே போகிறது. கோடையில் மணல்தான் மிச்சம் இருக்கும். ஆனால் அந்த ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிற ஊர், ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையின் பெயர் பெற்ற துறைமுகங்களில் ஒன்று. அதுதான் பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ. முஸ்லிம்கள் அதற்கு மஹ்மூது பந்தர் என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ, குவைத்திலோ, சவூதியிலோ இருக்கிறார்கள். சபர் என்ற சொல்லும் சபுராளி என்ற சொல்லும் நம் வீடுகளில் சோறு, தண்ணீர் போலப் புழங்குகின்றன. இந்தப் பழக்கம் பெட்ரோல் கண்டுபிடித்த பிறகு வந்தது என்று இளைஞர்கள் பலர் நினைக்கிறார்கள். நம் ஆற்றின் கடைசி ஊரிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலேறிய ஒருவரின் வாழ்வைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். அவர் பெயர் காதிர் முஹ்யித்தீன் மரைக்காயர். மலேசியாவின் பினாங்குத் தீவில் இன்றும் கம்பீரமாக நிற்கும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அவருடைய பதவிப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அவர் 1759ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் என்று கணக்கிடுகிறார்கள். அப்படியானால் அவருடைய இளமைக்காலம் தென்னாடு முழுவதும் போரில் வெந்துகொண்டிருந்த காலம். நம் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ரஞ்சன்குடி கோட்டைக்கு அருகே வாலிகண்டபுரத்தில் 1751இல் முஹம்மது அலியின் ஆட்களும் ஆங்கிலேயரும் ஒருபுறம், சந்தா சாஹிபும் பிரெஞ்சுக்காரரும் மறுபுறம் நின்று மோதினார்கள். அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்கள் யாருக்குக் கப்பம் கட்டுவது என்று தெரியாமல் தவித்த ஆண்டுகள் அவை. கடற்கரையிலும் நிலைமை வேறாக இல்லை. 1780இல் ஹைதர் அலியின் படைகள் பரங்கிப்பேட்டையைச் சூறையாடின. அடுத்த ஆண்டு, 1781 ஜூலை 1ஆம் தேதி, அதே ஊர் அருகே ஹைதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் பெரும்போர் நடந்தது. அதைத் தொடர்ந்து கர்நாடகப் பகுதி முழுவதும் பஞ்சம். ஹைதர் அலி முஸ்லிம் மன்னர் என்பதால் அந்தப் படை பரங்கிப்பேட்டை முஸ்லிம் வணிகரின் கிடங்கை விட்டுவைத்திருக்கும் என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கொள்ளைக்காரக் குதிரைப்படை கலிமா சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கிடங்கைத் திறப்பதில்லை.

மரைக்காயர் குடும்பங்களுக்குக் கடல் தாண்டுவது புதிதில்லை. நீலத் துணிகளையும் அச்சுத் துணிகளையும் ஏற்றிக்கொண்டு அச்சேக்கும் கெடாவுக்கும் போய், பாக்கு, மிளகு, ஈயம், கற்பூரம் ஏற்றித் திரும்புவார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் போக வேண்டும். வடகிழக்குக் காற்று பிடித்துத் திரும்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் புயல் அடிக்கும் என்பதால் அந்த மாதங்களில் எந்த நாகுதாவும் கரையை நெருங்கத் துணிய மாட்டார். எனவே ஒரு பயணம் என்றால் குறைந்தது பாதி ஆண்டு. காற்றைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு. இப்படிப் போய் வந்தவர்களைத்தான் மலாய் நாட்டில் சூலியர் என்று அழைத்தார்கள். சோழர் என்ற பெயரின் திரிபே அது என்பது பலர் ஏற்கும் கருத்து.

இங்கே அரியலூர்க்காரர்களுக்கு ஒரு செய்தி நினைவுக்கு வர வேண்டும். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் கங்கைகொண்டசோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராஜேந்திரன் 1025 அளவில் கப்பற்படை அனுப்பி வென்ற கடாரம்தான் இந்தக் கெடா. மன்னனின் படை வந்த வேகத்தில் திரும்பிவிட்டது. வணிகர்கள் அப்படித் திரும்பவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்தும் கெடா சுல்தானின் அரண்மனையில் வணிகப் பொறுப்பைச் சூலிய முஸ்லிம்கள் வகித்தார்கள்.

அந்தக் கெடா சுல்தானிடமிருந்துதான் பினாங்குத் தீவு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. 1786 ஜூலையில் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கில வணிகர் தீவில் இறங்கினார். ஆகஸ்ட் 11ஆம் தேதி அங்கே கொடி ஏற்றி அதற்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயர் வைத்தார். சயாமியரிடமிருந்து தம்மைக் காப்பார்கள் என்று நம்பித்தான் சுல்தான் தீவைக் கொடுத்தார். கம்பெனி அந்த உதவியைச் செய்யவில்லை. 1791இல் தீவைத் திரும்பப் பிடிக்க முயன்று தோற்ற சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று ஒரு தொகை பேசி முடித்தார்கள். வெளிநாட்டு முதலாளி வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏமாறுகிறவர்கள் இன்றும் உண்டு. அன்று ஏமாந்தவர் ஒரு சுல்தான் என்பதுதான் வித்தியாசம்.

தீவு முழுவதும் அடர்ந்த காடு. காட்டை வெட்ட ஆள் கிடைக்காதபோது லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார், காசைத் தேடி மக்கள் காட்டை வெட்டினார்கள் என்று பினாங்கில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, வெட்டியவர்களைக் காய்ச்சல் வெட்டியது உண்மை. லைட் அவர்களே 1794இல் மலேரியாவில் இறந்தார். அதே ஆண்டு அவர் எழுதிய அறிக்கையில் தீவில் ஏறத்தாழ ஆயிரம் சூலியர்கள் குடியிருப்பதாகவும், சோழமண்டலக் கரைக் கப்பல்களில் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆண்கள் வரை வந்து, வியாபாரமும் கூலி வேலையும் செய்து, சில வெள்ளிகள் சேர்ந்ததும் ஊர் திரும்புவதாகவும், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்து சேர்வதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். இந்தக் கணக்கை வாசிக்கும்போது நமக்கு நம் ஊர்ப் பையன்களின் இரண்டு வருட விசாதான் நினைவுக்கு வருகிறது. போவது, சம்பாதிப்பது, வருவது, அடுத்தவன் போவது.

காதிர் முஹ்யித்தீன் இந்தச் சுழலில் சுழன்றுகொண்டே இருக்காமல் அங்கே வேர் பிடித்தவர். தீவு கம்பெனி கைக்கு வந்த தொடக்க ஆண்டுகளிலேயே அங்கே வணிகராகக் காலூன்றினார். கடையும் கப்பல் வணிகமும் பெருகின. வந்திறங்கும் தமிழ் முஸ்லிம்களுக்கு அவர் வாசலே முதல் வாசல் ஆனது. புது நாட்டில் புதிதாக இறங்குகிறவனுக்கு வேண்டியது மூன்று: படுக்க ஓர் இடம், வேலைக்கு ஒரு சிபாரிசு, தகராறு வந்தால் பேச ஓர் ஆள். இன்று தேய்ராவிலும் ரியாத்திலும் ஊர் ஜமாஅத் அறைகள் செய்வதும் இதைத்தான்.

1800இல் தீவின் துணை ஆளுநராகச் சர் ஜார்ஜ் லீத் வந்தார். எதிர்க்கரையில் இன்று செபராங் பிறை என்று சொல்லும் நிலப்பகுதியைக் கெடாவிடமிருந்து வாங்கியவர் இவர்தான். பல இன மக்கள் குவிந்த ஊரை ஆள ஆங்கிலேயர் கையாண்ட வழி எளியது. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவரை வைத்து அவருக்குக் கப்பித்தான் என்று பட்டம் கொடுத்தார்கள். சீனருக்கு ஒரு கப்பித்தான் இருந்தார். தென்னிந்திய முஸ்லிம்களுக்கு 1801இல் காதிர் முஹ்யித்தீன் மரைக்காயர் கப்பித்தான் ஆனார். சில்லறை வழக்குகள், கடன் தகராறுகள், திருமணங்கள், வந்து போவோரின் நடத்தை எல்லாம் இந்தத் தலைவர்கள் பார்வைக்கு வந்தன. எழுதிவைத்த சட்டமோ முறையான நீதிமன்றமோ அன்று அங்கே கிடையாது. 1807இல்தான் அரச சாசனத்தின்படி தீவுக்கு ஒரு நீதிமன்றம் வந்தது. ஆகவே முதல் ஆறேழு ஆண்டுகள் ஒரு தமிழ் முஸ்லிம் கூலியாளுக்கும் அவன் முதலாளிக்கும் நடுவே நின்று நியாயம் சொல்லும் பொறுப்பு இந்த மரைக்காயர் தலைமீது இருந்தது.

அதே 1801இல் லீத் பள்ளிவாசலுக்காக நிலம் வழங்கினார். கம்பெனிப் படையிலிருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்கள் அதற்கு முன்பே சிறிய அளவில் ஒரு தொழுமிடம் அமைத்திருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. கப்பித்தான் காலத்தில் அது நிலையான கட்டடமானது. இந்தியாவிலிருந்து கல்லும் கொத்தனார்களும் கப்பலில் வந்தார்கள். ஒரு தளம் கொண்ட பள்ளி. சுற்றிலும் வக்ஃபாக 18 ஏக்கர். நகரத்தின் நடுவே 18 ஏக்கர் என்றால் என்ன என்பதை வாசகர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். நம் பக்கத்துப் புஞ்சைக் காட்டுக் கணக்கில் அதைப் பார்க்கக் கூடாது. வாழ்வோருக்குக் குடியிருப்பு, இறந்தோருக்கு மையவாடி, பள்ளிச் செலவுக்கு வாடகை என்று ஒரு மஹல்லா முழுவதும் அதற்குள் அடங்கியது.

அந்த ஊரில் அவர்கள் மட்டும் இருக்கவில்லை. அதே ஆண்டில் சற்றுத் தள்ளித் தமிழ் இந்துக்கள் கோயிலுக்கு நிலம் பெற்றார்கள்; மகாமாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. அதே தெருவில் சீனரின் குவான் யின் கோயில் இருந்தது. 1818இல் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் வந்தது. அச்சே தெருவில் மலாய், அரபு வணிகர்களின் பள்ளி 1808இல் கட்டப்பட்டது. பிட் தெரு என்று அன்று அழைக்கப்பட்ட அந்தச் சாலைக்கு இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் என்று பெயர். பரங்கிப்பேட்டைச் சபுராளி ஒருவரின் பட்டப்பெயர் அயல்நாட்டு நகரச் சாலையின் பெயர்ப்பலகையில் இருக்கிறது.

இந்த ஆண்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1801 ஜூலையில்தான் ஆற்காட்டு நவாபிடமிருந்து கர்நாடகப் பகுதி முழுவதையும் கம்பெனி ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டது. நம் திருச்சி, தென்னாற்காட்டுச் சீமைகளும் அதில் அடக்கம். தெற்கே மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதும் அதே ஆண்டு. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகளை நாடு கடத்தி இதே பினாங்குக்குத்தான் அனுப்பினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அவர்களில் ஒருவர். ஒரே தீவு. ஒருபக்கம் கம்பெனியின் பட்டம் பெற்ற தமிழர். மறுபக்கம் கம்பெனியின் விலங்கு பூண்ட தமிழர்கள். கப்பித்தானை விடுதலை வீரர் என்று நாம் எழுதப்போவதில்லை. அவர் கம்பெனியோடு ஒத்துப்போய்த்தான் தம் மக்களுக்கு இடம் வாங்கினார். அன்னிய நாட்டில் அதிகாரம் இல்லாத ஒரு சிறு கூட்டத்தின் தலைவருக்கு வேறு வழி இருந்ததாகவும் நமக்குத் தோன்றவில்லை. ஆனாலும் இரண்டு கப்பல்களையும் சேர்த்தே பார்ப்பதுதான் நேர்மையான வரலாறு.

இனி குடும்பத்துக்கு வருவோம். லைட் எழுதிய கணக்கில் வந்தவர்கள் அனைவரும் ஆண்கள். தமிழ் முஸ்லிம் பெண்கள் கடல் தாண்டவில்லை. எனவே அங்கே தங்கிவிட்ட ஆண்கள் மலாய்ப் பெண்களை மணந்தார்கள். கப்பித்தான் கெடா அரச குடும்பத்தோடு உறவுடைய பெண்ணை மணந்தார் என்று அவருடைய வழித்தோன்றல்கள் சொல்லி வருகிறார்கள். இப்படிப்பட்ட திருமணங்களில் பிறந்தவர்களை ஜாவி பெரனாக்கான் என்றும் ஜாவி பெக்கான் என்றும் அழைத்தார்கள். அத்தா தமிழ், அம்மா மலாய். (கரைப்பக்கம் என்றால் வாப்பா என்று சொல்ல வேண்டும், அத்தா நம் உள்நாட்டு வழக்கு.) பிள்ளைக்கு இரண்டு மொழியும் வரும், கூடவே ஆங்கிலமும் வரும். ஆகவே தரகர், மொழிபெயர்ப்பாளர், எழுத்தர் என்று துறைமுக நகரில் அவர்களுக்குத் தேவை இருந்துகொண்டே இருந்தது. 1876இல் சிங்கப்பூரில் வெளிவந்த முதல் மலாய் மொழிச் செய்தித்தாளை நடத்தியவர்கள் இவர்கள்தான். அதன் பெயரே ஜாவி பெரனாக்கான். நாகூர் குலாம் காதிறு நாவலர் 1883இல் பினாங்கில் வித்தியா விசாரிணி என்ற தமிழ் இதழை நடத்தியிருக்கிறார் என்றால், தமிழ் வாசிக்கும் முஸ்லிம்களும் அங்கே குறையாமல் இருந்திருக்கிறார்கள். புதிதாகக் கப்பலில் வந்தவன் தமிழ் வாசித்தான். அங்கேயே பிறந்தவன் மலாய் எழுதினான்.

கடலுக்கு இந்தப் பக்கம் காத்திருந்த பெண்களைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. கம்பெனி ஆவணத்தில் கப்பலின் பெயர் இருக்கும், நாகுதாவின் பெயர் இருக்கும், எத்தனை மூட்டை பாக்கு என்பதும் இருக்கும். காத்திருந்தவளின் பெயர் எந்த வரியிலும் வராது. படைவீரர்களை மனைவியரிடமிருந்து நீண்ட காலம் பிரித்து வைக்கக் கூடாது என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலவரம்பு விதித்த செய்தி மதரஸா மாணவர்கள் அறிந்ததுதான். அந்த வரம்பு மாதக் கணக்கில் இருந்தது. பாய்மரக் கப்பல் காலத்துச் சபுராளிக்குக் காற்று ஒரு சாக்கு. விமானம் நான்கு மணி நேரத்தில் கொண்டுவந்து விடும் இந்தக் காலத்தில் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று நீட்டுவதற்கு என்ன சாக்கு என்பதை அவரவர் வீட்டில் பேசிக்கொள்ளட்டும்.

கப்பித்தானின் பிற்காலம் பினாங்கின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருசேரக் கண்டது. 1805இல் சென்னை, பம்பாய், கல்கத்தா போலப் பினாங்கும் தனி மாகாணத் தகுதி பெற்றது. 1819இல் சிங்கப்பூர் பிறந்ததும் வணிகம் அந்தப் பக்கம் சாய்ந்தது. 1832இல் நீரிணைக் குடியேற்றங்களின் தலைமையிடமும் சிங்கப்பூருக்குப் போனது. நடுவே 1821இல் சயாமியர் கெடாமீது படையெடுத்தார்கள். சுல்தான் அகமது தாஜுத்தீன் தப்பிப் பினாங்குக்கு வந்தார். ஆயிரக்கணக்கான கெடா மக்களும் அகதிகளாக வந்து குவிந்தார்கள். ஒருகாலத்தில் தமிழ் வணிகர்களுக்கு அடைக்கலம் தந்த அரசு, அவர்கள் குடியேறிய தீவில் அடைக்கலம் தேடும்படி ஆயிற்று.

நம் மக்கள் அங்கும் இருந்துவிடவில்லை. பினாங்கிலிருந்து புது ஊரான சிங்கப்பூருக்கும் போனார்கள். அங்கே சவுத் பிரிட்ஜ் சாலையில் சூலியா பள்ளிவாசல் 1826இல் தோன்றியது. நாகூர் தர்காவின் பெயரில் ஒரு நினைவுக் கட்டடம் 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்தது. பினாங்கு சூலியா தெருவிலும் அப்படி ஒன்று அதற்கு முன்பே இருந்தது. தர்கா விஷயத்தில் ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை இங்கே இழுக்க வேண்டியதில்லை. ஊரை விட்டுப் போனவன் ஊரின் அடையாளத்தையும் தூக்கிக்கொண்டு போனான் என்பதே நாம் இங்கே கவனிக்க வேண்டியது.

1834இல் காதிர் முஹ்யித்தீன் மரைக்காயர் வஃபாத்தானார். ஏறத்தாழ 75 வயது. செல்வத்தில் ஒரு பங்கை அறப்பணிக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அவருடைய மகன் முஹம்மது நூர்தீன் தந்தையை மிஞ்சிய செல்வந்தரானார். பினாங்கில் நூர்தீன் தெரு என்று ஒரு தெருவே அவர் பெயரில் இருக்கிறது. சூலியா தெருவில் அவர்களது குடும்ப அடக்கத்தலமும் உண்டு.

மகனின் சொத்து பிறகு நீதிமன்றத்துக்குப் போனது. 1871இல் பினாங்கு நீதிமன்றத்தில் ஃபாத்திமா எதிர் லோகன் என்று ஒரு வழக்கு. சட்டம் படிப்பவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். ஒரு முஸ்லிம் தன் சொத்து முழுவதையும் உயில் எழுதி விருப்பப்படி கொடுக்க முடியுமா என்பதே கேள்வி. நம் ஷரீஅத்தில் வஸிய்யத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான் எல்லை. வாரிசுக்கு வஸிய்யத் செய்வதென்றால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். ஃபராயிள் ஓதிய எந்த மாணவரும் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நீதிமன்றமோ பினாங்கின் சட்டம் ஆங்கிலச் சட்டம், எனவே முஸ்லிமின் உயிலையும் அதைக் கொண்டே பார்க்க வேண்டும், முழுச் சொத்தையும் உயிலில் கொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

இதே காலத்து நீரிணை நீதிமன்றத் தீர்ப்புகளில் இன்னொரு போக்கும் தெரிகிறது. இறந்தவர் பெயரில் ஆண்டுதோறும் கந்தூரி வைத்து ஏழைகளுக்குச் சோறு போட வேண்டும் என்று எழுதிவைக்கப்பட்ட சொத்துகளை ஆங்கிலேய நீதிபதிகள் தர்மமாக ஏற்கவில்லை. அது இறந்தவரின் சொந்த நன்மைக்கான ஏற்பாடு, பொதுநலம் ஆகாது என்று சொல்லிச் செல்லாததாக்கினார்கள். கந்தூரி குறித்து நமக்கென்று ஒரு கருத்து இருக்கலாம். ஆனால் அந்தச் சோற்றைச் சாப்பிட்டவன் ஏழையா இல்லையா என்பதை முடிவு செய்ய இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் பழைய சட்டம் வேண்டியிருந்தது என்பது வேடிக்கைதான். தந்தை தமிழ்க் கரையில் பிறந்தார், தாய் மலாய்க்காரி, தொழில் கடல் கடந்தது, மார்க்கம் இஸ்லாம், இறந்தபின் சொத்தை ஆள்வது இங்கிலாந்துச் சட்டம். குடியேறி வாழ்வது என்றால் அதுவும் சேர்ந்ததுதான். பிற்காலத்தில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு ஷரீஅத் சட்டம் இடம் பெற்றது. ஆனாலும் இரண்டு நாட்டில் வீடு வாங்கிப் போட்டிருக்கும் நம் சகோதரர்கள், மண்ணோடு இணைந்த சொத்துக்குப் பெரும்பாலும் அந்தந்த மண்ணின் சட்டமே பேசும் என்பதை அறிந்து, ஒரு ஆலிமையும் ஒரு வழக்கறிஞரையும் சேர்த்து உட்காரவைத்து எழுத்து வேலையை உயிரோடு இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுப்போன இடங்களில் பிள்ளைகள் கோர்ட்டில்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

பள்ளிவாசல் வக்ஃபுக்கு வந்த சோதனை இன்னொரு வகை. 18 ஏக்கரில் வீடுகளும் கடைகளும் கப்ருகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளர்ந்தன. வாடகை யாருக்குப் போகிறது, கணக்கு எங்கே இருக்கிறது என்ற கேள்விகள் எழுந்தன. முத்தவல்லிகள்மீது வழக்குகள் நடந்தன. கடைசியில் 1905இல் காலனி அரசு முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்து, ஆங்கில அதிகாரிகள் இடம்பெற்ற வாரியத்தின் கையில் நிர்வாகத்தை ஒப்படைத்தது. வாரியம் குடிசைகளை அகற்றியது, கடைவீடுகள் கட்டி வாடகைக்கு விட்டது, வருமானத்தைப் பெருக்கியது. ஹென்றி நியூப்ரோனர் என்ற கட்டடக்கலைஞரைக் கொண்டு 1910களில் பள்ளியை விரிவாக்கி உயர்ந்த மினாராவும் கட்டியது. இன்று சுற்றுலாப் படங்களில் நாம் பார்க்கும் மொகலாயச் சாயல் கொண்ட பள்ளி அந்த விரிவாக்கத்தின் விளைவு.

இதைப் படிக்கும்போது இரண்டு மனதாக இருக்கிறது. கட்டடம் அழகாயிற்று, கணக்கு ஒழுங்காயிற்று, உண்மை. ஆனால் தலைமுறைகளாக வக்ஃபு மண்ணில் குடியிருந்த ஏழை முஸ்லிம்கள் அந்த அழகுக்காக இடம்பெயர்ந்தார்கள், அதுவும் உண்மை. நம் ஜமாஅத்துகள் வக்ஃபுக் கணக்கைத் தாங்களே சுத்தமாக வைத்திருந்தால் வெளியாள் வந்து பேனாவை எடுக்க வாய்ப்பே இருந்திருக்காது என்று சொல்லவும் மனம் வருகிறது. பினாங்கு பற்றிச் சொல்கிறோம். வக்ஃபுச் சட்டம் பற்றி நம் நாட்டில் நடக்கும் விவாதங்களைப் பின்தொடர்கிறவர்கள் மீதியைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள்.

கிளிங் என்ற சொல்லைப் பற்றியும் கேட்பார்கள். கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்தது என்பது பொதுவான விளக்கம். தென்னிந்தியர் அனைவரையும் மலாய்க்காரர் ஒருகாலத்தில் இயல்பாக அழைத்த பெயர் அது. பிறகு தோட்டக்காட்டுக் கூலி முறை வந்து, இழிவும் அந்தச் சொல்லில் ஏறிக்கொண்டது. இன்று மலேசியத் தமிழர் யாரையும் அப்படி அழைத்தால் சண்டை வரும். ஆனால் பள்ளிவாசலின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. 2008இல் ஜார்ஜ் டவுன் நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றபோது அந்தப் பெயரோடுதான் பள்ளியும் உலகுக்குத் தெரிந்தது.

மரைக்காயர் என்ற குடும்பப் பெயர் மலாய் நாவில் மெரிக்கன் ஆகிவிட்டது. மலேசியாவில் மருத்துவர்களாகவும் அதிகாரிகளாகவும் பேராசிரியர்களாகவும் மெரிக்கன்கள் இருக்கிறார்கள். மலாய் பேசி, மலாய்க்காரராக வாழ்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. தங்கள் பெயரில் ஒரு தமிழ்ச் சொல் ஒளிந்திருப்பதை அறிந்தவர்கள் பரங்கிப்பேட்டையைத் தேடிக்கொண்டு வருவதும் உண்டு. இதை இழப்பு என்று சிலர் வருந்துவார்கள். நமக்கு அப்படி ஒரேயடியாகச் சொல்லத் தோன்றவில்லை. போன இடத்து மக்களோடு கலந்து, அவர்களில் ஒருவராக மாறி, பள்ளியைக் கட்டி நிலைத்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். நம் வளைகுடாச் சபுராளிக்கு நாற்பது ஆண்டு உழைத்தாலும் அந்த மண்ணில் குடியுரிமை எளிதில் கிடைப்பதில்லை. இகாமா முடிந்தால் பெட்டி கட்ட வேண்டும். அவருடைய தமிழ் பிழைத்திருப்பதற்கு அந்தக் கெடுபிடியும் ஒரு காரணம்.

கப்பித்தானின் கப்ர் பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. அந்தப் பகுதிக்குக் கம்போங் கோலம் என்று பெயர். பினாங்கு செல்லும் நம்மவர்கள் நாசி கண்டார் கடைகளைத் தேடும் வழியில் அதைக் கடந்து போவார்கள். அங்கே கடைக்குக் கெடாய் என்பார்கள், கப்பலுக்குக் காப்பால். கம்போங் என்றால் கிராமம், குடியிருப்பு. கோலம் என்றால் நீர்நிலை. நம் குளம்தான் அது.